ஆள் போனார், ஜாபும் படுத்துவிட்டது

"ஏனுங்க, ராத்திரி வர்ற ஸ்டாக் ரிப்போர்ட் இன்னைக்கும் வரலீங்களே" என்று ஸ்டோர்ஸ் அண்ணனிடமிருந்து போன். சேலத்தில் ஒரு நூல் மில்லுக்கு எஸ்ஏபி (கம்பெனியின் ஸ்டாக், கணக்கெல்லாம் ஓடும் சாஃப்ட்வேர்) பார்த்துக்கொடுக்கிறேன்.

இந்த ரிப்போர்ட் மாதிரி, நேரம் குறித்து வைத்தால் தானாக ஓடும் வேலைக்கு எஸ்ஏபியில் 'ஜாப்' என்று பெயர். ஜாபெல்லாம் ஓடினதா என்று பார்க்கும் ஸ்கிரீனான எஸ்எம்37-ஐத் திறந்தால் முதலில் பட்டியலில் எதுவுமே இருக்காது. யூசர் பெட்டியில் நம் பெயர்தான் தானாக வந்து உட்கார்ந்திருக்கும். அதை அழித்து நட்சத்திரக் குறி போட்டால்தான் எல்லார் ஜாபும் வரும். போட்டேன். 'கேன்சல்ட்' என்று நின்றது. ஜாப் லாகில் (நடந்ததெல்லாம் பதிவாகும் குறிப்பில்), இன்ன யூசரின் லாகான் (உள்நுழைவு) தோற்றுவிட்டது என்று ஒரு வரி. வேலையை விட்டுப் போனவரின் ஐடியில் ஓடிய ஜாப் அது. ஐடியைப் பூட்டியதும் படுத்துவிட்டது.

இதற்குத்தான் சிஸ்டம் யூசர் என்று ஒரு வகையே இருக்கிறது. அதை வைத்து யாரும் ஸ்கிரீனில் நுழைய முடியாது, பாஸ்வேர்டும் காலாவதியாகாது. ராத்திரி ஜாபெல்லாம் அதில்தான் ஓட வேண்டும்.

ஜாப் பக்கத்தில் 'ஃபினிஷ்ட்' என்று பார்த்ததும் நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்களைக் கண்டால் எனக்குப் பயம். அதற்கு அர்த்தம் புரோகிராம் நடுவில் விழவில்லை, அவ்வளவுதான். வேரியன்ட்டில் (ரிப்போர்ட்டுக்கு முன்கூட்டியே நிரப்பிச் சேமித்த தேதி, விவரங்களில்) பழைய தேதி அப்படியே கிடந்தால் போன மாதக் கணக்கையே தினமும் ஒழுங்காக அனுப்பிக்கொண்டிருக்கும். ஸ்பூலை, அதாவது ஜாப் எழுதிவைத்த ரிப்போர்ட்டையே, திறந்து பாருங்கள்.

அப்புறம், மாதக் கடைசியில் கனமான ஜாபையெல்லாம் ஒரே நேரத்துக்குப் போடாதீர்கள். ஜாபை ஓட்டும் பேக்ரவுண்ட் புராசஸ்கள் எண்ணிக்கையில் கொஞ்சம்தான்; அவை தீர்ந்துபோனால் மற்ற ஜாபெல்லாம் சாயங்காலம் சேலம் ஐந்து ரோட்டுச் சந்திப்பில் வண்டிகள் நிற்கிற மாதிரி நிற்கும். எவ்வளவு நேரம் நின்றன என்பதை எஸ்எம்37-இன் 'டிலே' கட்டம் நொடிக்கணக்கில் காட்டும்.