கிளாப்டன் குடியை விட்ட கதை

ராக் இசைக்காரர்களின் சுயசரிதை என்றாலே எனக்குக் கொஞ்சம் அலுப்பு. எத்தனை பாட்டில் காலி செய்தோம், எந்த ஓட்டல் அறையை அடித்து நொறுக்கினோம் என்று முக்கால்வாசிப் புத்தகத்துக்குப் பெருமையடித்துவிட்டு, கடைசி நாலு பக்கத்தில் திருந்திவிட்டதாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். இங்கிலாந்தின் ராக் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் 2007-இல் வெளியிட்ட சுயசரிதையையும் அந்த நினைப்போடுதான் எடுத்தேன். ஆனால் மனுஷன் பெருமையும் அடிக்கவில்லை, புலம்பவும் இல்லை, வேறு யாருக்கோ நடந்ததைப் போல ஏற்ற இறக்கமில்லாத குரலில் சொல்லிக்கொண்டே போகிறார். முதலில் வறட்சியாகத்தான் இருந்தது. போகப் போக அதுதான் அவர் சொல்வதை நம்ப வைத்தது.

இளமைக்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1945-இல் இங்கிலாந்தின் சரே பகுதியில் ரிப்ளி என்ற கிராமத்தில் பிறந்தவர். அம்மா என்று நினைத்திருந்தவர் உண்மையில் பாட்டி, அக்கா என்று நினைத்திருந்தவர்தான் பெற்ற தாய் என்பது ஒன்பது வயதில் தெரியவருகிறது. யார்ட்பேர்ட்ஸ், க்ரீம் என்ற இசைக்குழுக்கள், 'லேலா' என்ற புகழ்பெற்ற பாட்டு எல்லாமே 25 வயதுக்குள் முடிந்துவிடுகின்றன. லண்டன் சுவர்களில் 'கிளாப்டன்தான் கடவுள்' என்று கிறுக்கி வைத்த காலம் அது.

அப்புறம் ஹெராயின். 1970-களின் தொடக்கத்தில் ஹர்ட்வுட் எட்ஜ் என்ற தன் வீட்டில், காதலி ஆலிஸ் ஆர்ம்ஸ்பி-கோருடன் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறார். அவரை வெளியே இழுத்து வர, 1973 ஜனவரியில் லண்டன் ரெயின்போ தியேட்டரில் 'தி ஹூ' இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட் ஒரு கச்சேரி ஏற்பாடு செய்தார். நாயகன் அதற்கே தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தார். சாக்லேட்டாகத் தின்று தின்று உடம்பு பெருத்துவிட்டதால் வெள்ளை சூட்டின் பேண்ட் இடுப்பில் ஏறவில்லை. ஆலிஸ் உட்கார்ந்து தையலைப் பிரித்து இடுப்பைத் தளர்த்திக் கொடுக்கும்வரை கிளம்ப முடியவில்லையாம். போதையில் கிடப்பவன் எலும்பும் தோலுமாக இருப்பான் என்றுதான் சினிமா நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

1974-இல் மெக் பேட்டர்சன் என்ற மருத்துவர் மின்சார அக்குபங்சர் முறையில் சிகிச்சை கொடுக்கிறார், ஹெராயின் போகிறது. புத்தகத்தின் சாரமான பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. ஹெராயின் இருந்த இடத்தில் அப்படியே சாராயம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இது சட்டப்படி கிடைக்கும் சரக்கு, சுற்றியிருக்கிற எல்லோரும் குடிக்கிறார்கள், மேலே மேலே இசைத்தட்டு விற்கிறது, யார் என்ன சொல்லப்போகிறார்கள்? ஒரு கச்சேரி முழுவதையும் மேடையில் படுத்தபடியே, பக்கத்தில் மைக் ஸ்டாண்டையும் படுக்கப்போட்டு வாசித்து முடித்திருக்கிறார், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நாட்களில் தற்கொலை செய்துகொள்ளாமல் இருந்ததற்கு ஒரே காரணம், செத்துப்போனால் குடிக்க முடியாதே என்பதுதான் என்று எழுதுகிறார். நகைச்சுவைக்காகச் சொல்வதாகத் தெரியவில்லை.

அவரை உடைத்தது இசை சம்பந்தப்பட்ட அவமானம்கூட இல்லை. மீன்பிடிக்கப் போன இடத்தில், எதிர்க்கரையில் விஷயம் தெரிந்த தூண்டில்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, போதையில் தடுமாறித் தன் தூண்டில் கழியின் மேலேயே விழுந்து அதை முறித்துவிடுகிறார். நல்ல மீன்பிடிக்காரன் என்பது ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்த சுயமரியாதை, அதுவும் போயிற்று. உடனே மேனேஜரைக் கூப்பிட்டு உதவி கேட்கிறார். 1982 ஜனவரியில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இருக்கும் ஹேஸல்டன் மறுவாழ்வு மையத்துக்குப் பயணம். இனி ஜென்மத்துக்கும் குடிக்க முடியாதோ என்ற பயத்தில் விமானத்தில் இருந்த சரக்கையெல்லாம் குடித்துத் தீர்த்துவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார்.

அதோடு சுபம் போட்டிருந்தால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன். சில வருஷத்தில் மறுபடியும் குடி. 1986-இல் மகன் கானர் பிறந்தும் நிற்கவில்லை. 1987-இல் மறுபடியும் ஹேஸல்டன், இந்த முறை வெளியே போகும் நாள் நெருங்க நெருங்க, தனக்குள் எதுவுமே மாறவில்லை என்று உறைக்கிறது. அறையில் தனியாக இருந்தவர் கால் மடங்கி முழங்காலில் விழுந்து, யாரிடம் கேட்கிறோம் என்றுகூடத் தெரியாமல் உதவி கேட்கிறார். அன்றிலிருந்து தினமும் காலையும் இரவும் முழங்காலிட்டுப் பிரார்த்திக்கும் வழக்கம். எனக்குக் கடவுள் நம்பிக்கை அவ்வளவாக இல்லை, இந்த இடத்தை ஒரு பெரிய தத்துவமாக்காமல் சொல்லிவிட்டுப் போவதால் எனக்கும் தொண்டையில் சிக்கவில்லை.

1991 மார்ச்சில் நாலு வயது கானர் நியூயார்க்கில் 53-ஆவது மாடி ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தான். முந்தின நாள்தான் அவனை சர்க்கஸுக்குக் கூட்டிப்போயிருந்தார். அதற்குப் பிறகும் அவர் குடிக்கவில்லை. குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் கூட்டம் ஒன்றில் இதைப் பற்றிப் பேசி முடித்ததும் ஒரு பெண் அவரிடம் வந்து, தன் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆனால் குடிக்கலாம் என்று மனசின் ஒரு மூலையில் வைத்திருந்த சாக்கையும் நீங்கள் பறித்துவிட்டீர்கள் என்கிறாள். புத்தகத்தில் நான் இரண்டு தடவை படித்த இடம் இது.

பணத்தையும் அந்தப் பக்கமே திருப்பினார். கரீபியன் கடலில் இருக்கும் ஆன்டிகுவா தீவில் 1998-இல் க்ராஸ்ரோட்ஸ் சிகிச்சை மையத்தைத் தொடங்கி, அதற்காகத் தன் கிட்டார்களை ஏலத்தில் விற்றார். 'பிளாக்கி' என்று செல்லப்பெயர் வைத்து வருஷக்கணக்கில் வாசித்த கிட்டார் 2004-இல் 9,59,500 டாலருக்குப் போனது.

குறையும் இருக்கிறது, சின்னக் குறை இல்லை. குடி நோயாளிகள் மீள்வதற்கான பன்னிரண்டு படித் திட்டத்தில் எட்டாவதும் ஒன்பதாவதும், யார் யாருக்குக் கெடுதல் செய்தோம் என்று பட்டியல் போட்டு, முடிந்தவரை ஈடு செய்வது. அந்த அளவுகோலை வைத்தே பார்த்தால், முன்னாள் மனைவி பேட்டி பாய்டுக்கும் ஆலிஸுக்கும் செய்ததை ஓரளவு ஒப்புக்கொள்கிறார். ஆலிஸ் ஹெராயினால் 1995-இல் இறந்தே போனார். ஆனால் 1976-இல் பர்மிங்காம் மேடையில் குடித்துவிட்டு, குடியேறி வந்தவர்கள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று குடியேற்றத்தை எதிர்த்த அரசியல்வாதி ஈனாக் பவலுக்கு ஆதரவாகப் பேசிய பேச்சு? 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்' என்ற, இனவெறிக்கு எதிரான இசைக்கலைஞர்களின் இயக்கமே கிளம்பக் காரணமான பேச்சு அது. தன் குடியைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் எழுதிய அதே ஆள் இங்கே வந்ததும் மழுப்புகிறார். வெட்கமாக இருக்கிறது என்று அவர் வெளிப்படையாகச் சொன்னது 2018-இல், தன்னைப் பற்றிய ஆவணப்படம் வந்த சமயத்தில்.