எட்டு டிகிரி எங்கே போனது?

“அப்படியென்றால் எதற்கு மிஸ் அளக்கிறோம்?” என்று என்னிடம் டியூஷனுக்கு வரும் ஏழாம் வகுப்புப் பெண் கேட்டாள். “அளந்து பழகத்தான்” என்றேன். நடந்தது அவ்வளவுதான். மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. பாத்திரம் கழுவும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அந்தப் பதிலை இன்னும் திருத்திக்கொண்டே இருக்கிறேன்.

அன்று டியூஷனில் இருந்த நால்வரிடமும் நான்கு முக்கோணங்களை வரைந்து, ஒவ்வொன்றின் கோணங்களையும் அளந்து கூட்டச் சொல்லியிருந்தேன். எதைக் கூட்டினாலும் 180 வரும், பிள்ளைகள் வியப்பார்கள், அந்தச் சூட்டோடு விதியை எழுதிப் போட்டுவிடலாம் என்பது என் கணக்கு. மற்ற மூவருக்கும் எல்லாவற்றிலும் 180 வந்திருந்தது. (அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மூன்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு முறை அளந்து பன்னிரண்டு முறையும் துல்லியமாக 180 வந்தால், யாரும் அளக்கவில்லை என்று அர்த்தம்.) இவளுக்கு மட்டும் 172, 173, 172, 174.

இன்னொரு முறை அளந்து பார் என்றேன். அளந்தாள். அதே எண்கள். “பென்சில் முனை தடிமனாக இருக்கும், கோணமானி நகர்ந்திருக்கும், கையால் அளந்தால் கொஞ்சம் முன்னே பின்னேதான் வரும். 180 என்று எழுது” என்றேன். அதற்குத்தான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். எதிர்த்துப் பேசுகிற பெண் இல்லை அவள். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

நான் சொன்னது பொய்யில்லை. கையால் அளப்பதில் பிழை வரத்தான் செய்யும். அடுத்த திங்கட்கிழமை தேர்வு. வினாத்தாளில் யாரும் முக்கோணத்தை அளக்கச் சொல்லப்போவதில்லை. இரண்டு கோணங்களைக் கொடுத்து மூன்றாவதைக் கேட்பார்கள். இல்லையென்றால் x, 2x, 3x என்று போட்டு x-ஐக் கேட்பார்கள். அதற்கு 180 மனதில் பதிந்தால் போதும். அந்தத் தேர்வில் அவள் வடிவியல் பகுதியில் ஒரு மதிப்பெண்கூட இழக்கவில்லை. அவள் அம்மா தட்டில் பழம் வைத்துக் கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து வேறு எதையோ தேடி அவள் நோட்டைப் புரட்டியபோதுதான் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. ஒரு முக்கோணம். கோணங்கள் 122, 46, 12. கூடுதல் 180. பக்கத்தில் சிவப்பு மையில் என் ‘சரி’ குறி.

படத்தைப் பார்த்தேன். அதில் விரிகோணமே இல்லை. மூன்றும் குறுங்கோணங்கள், யார் பார்த்தாலும் தெரியும். 12 என்று எழுதியிருந்த கோணம் நன்றாக அகன்று எழுபதுக்குப் பக்கத்தில் இருந்தது. என்ன நடந்தது என்பது புரிய அதிக நேரம் பிடிக்கவில்லை. கோணமானியில் இரண்டு வரிசை எண்கள் இருக்கும், ஒன்று இடமிருந்து வலம், மற்றது வலமிருந்து இடம். முதல் கோணத்துக்குத் தவறான வரிசையைப் படித்து 58-ஐ 122 ஆக்கியிருக்கிறாள். இரண்டாவதை அளந்திருக்கிறாள். மூன்றாவதை அளக்கவே இல்லை. 180-இலிருந்து கழித்திருக்கிறாள். நான் படத்தைப் பார்க்காமல் கூடுதலை மட்டும் பார்த்துக் குறி போட்டிருக்கிறேன்.

கழித்ததை எப்படித் தப்பென்பது? அந்த விதி இருப்பதே அதற்காகத்தானே. இரண்டு கோணம் தெரிந்தால் மூன்றாவதை அளக்க வேண்டாம் என்று கரும்பலகையில் எழுதியவளே நான்தான். ஆனால் அவள் விதியைப் புரிந்துகொண்டு கழித்தாளா, என் முகத்தைப் புரிந்துகொண்டு கழித்தாளா என்பதுதான் இன்றுவரை பிடிபடவில்லை. இரண்டுக்கும் விடை ஒன்றாகவே வருகிறது.

அன்று இரவு பழைய நான்கு எண்களையும் எடுத்துப் பார்த்தேன். 172, 173, 172, 174. கை நடுக்கமோ பென்சில் தடிமனோ காரணமென்றால் ஒன்றிரண்டாவது 181, 183 என்று மேலே போயிருக்க வேண்டும். நான்கும் குறைகின்றன, ஏறத்தாழ ஒரே அளவில். என் மகனின் ஜியோமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். கோணமானியில் பூச்சியக் கோடு அடிவிளிம்பில் இல்லை, அரை சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. அவள் அடிவிளிம்பைக் கோட்டின்மேல் வைத்து அளந்திருக்கிறாள். அப்படி வைத்து நானும் அளந்தேன். ஒவ்வொரு குறுங்கோணத்திலும் இரண்டு மூன்று டிகிரி குறைந்தது. எனக்கும் 172 வந்தது.

அவள் ஒழுங்காகத்தான் அளந்திருக்கிறாள். அந்த நான்கு பேரில் உண்மையை எழுதியவள் அவள் ஒருத்தி. எட்டு டிகிரி எங்கே போனது என்று கேட்டிருந்தால் ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்திருப்போம். அதற்குப் பதில் அந்த எட்டை நானே கையிலிருந்து போட்டு நிரப்பிவிட்டேன்.

1802-இல் சென்னை பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு, அதாவது முதல் முக்கோணத்துக்கு அடிப்படையான நேர்கோடு ஒன்றை அளந்து நில அளவையைத் தொடங்கிய பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி லாம்டனைப் பற்றி அதற்குப் பிறகுதான் படித்தேன். முக்கோணம் முக்கோணமாகக் கோத்து நாட்டையே அளந்த வேலை. அந்த முறையில் இரண்டு கோணம் தெரிந்தாலும் மூன்றாவதை விடமாட்டார்கள்; மூன்றையும் அளந்து கூட்டிப் பார்ப்பார்கள். கூடுதல் எவ்வளவு தள்ளிப்போகிறதோ அதை வைத்துத்தான் அளவையின் தரத்தை எடைபோடுவார்கள். 180 என்பதைக் கண்டுபிடிக்க அளவை தேவையில்லை. உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு போட்டு, ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்றால் முடிந்தது. கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தன் ‘எலிமென்ட்ஸ்’ நூலின் முதல் பாகத்திலேயே அதை நிரூபித்துவிட்டார், கோணமானி இல்லாமல். 180 தெரியும் என்பதால்தான் நம் அளவையைச் சோதிக்க முடிகிறது. ‘எதற்கு மிஸ் அளக்கிறோம்’ என்பதற்கு இதுதான் பதில் என்று கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்தேன்.

ஆனால் அந்த நில அளவைக்காரர்களும் கடைசியில் பிழையை மூன்று கோணங்களுக்கும் பங்கு போட்டுக் கூடுதலைச் சரிக்கட்டிவிட்டுத்தான் அடுத்த முக்கோணத்துக்குப் போவார்கள். அப்படியானால் நான் செய்ததும் கிட்டத்தட்ட அதுதானே என்று ஒரு குரல். அவர்கள் அளந்த எண்ணை முதலில் குறித்துக்கொண்டார்கள், நீ அழிக்கச் சொன்னாய் என்று இன்னொரு குரல். அவர்களுக்குத் திங்கட்கிழமை தேர்வு இல்லை என்று மறுபடியும் முதல் குரல்.

கோணமானியை நானே வைத்து அளந்து பார்த்த அந்த இரவுக்கு மறுநாளே அவளை உட்கார வைத்து, அடிவிளிம்பையும் பூச்சியக் கோட்டையும் காட்டினேன். அன்று நீ அளந்தது சரிதான், வைத்த இடம்தான் தப்பு என்றேன். தலையாட்டினாள். புதிதாக ஒரு முக்கோணம் வரைந்து கொடுத்து அளக்கச் சொன்னேன். கோணமானியைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“வருகிறதை எழுதட்டுமா மிஸ், 180 வருகிற மாதிரி எழுதட்டுமா?”

கிண்டல் இல்லை. எந்த நோட்டில் எழுத வேண்டும், ரஃப் நோட்டா ஃபேர் நோட்டா என்று கேட்பாளே, அதே குரல். வருகிறதை எழுது என்றேன். 179 என்று எழுதினாள். அது வந்ததா, நான் சந்தோஷப்படட்டும் என்று ஒன்றைக் குறைத்து எழுதினாளா, தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அவள் அளந்ததை நான் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் ஒரு பையனுக்கு 184 வந்தது. மணி எட்டாகியிருந்தது. அவன் அப்பா வாசலில் வண்டியை அணைக்காமல் காத்திருந்தார். “அப்படியே இருக்கட்டும், அழிக்காதே, நாளைக்குப் பார்க்கலாம்” என்றேன். மறுநாள் அவன் பள்ளியில் பின்னங்களுக்குத் தேர்வு வைத்துவிட்டார்கள். அந்த 184 அவன் நோட்டில் அப்படியே இருக்கிறது.