கோனில் தப்பிக்கிற பாட்டு

ஒரு பாட்டு எனக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பதை நான் ஹெட்போனில் முடிவு செய்வதில்லை. கோன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வரப்போடு அரை கிலோமீட்டர் தள்ளிப்போய் நின்று கேட்டால்தான் தெரியும். காரிமங்கலம், பாலக்கோடு, காவேரிப்பட்டணம் பக்கம் மைக் செட் வேலை பார்க்கிறேன். காதுகுத்து, கல்யாணம், மஞ்சள் நீர், மாரியம்மன் பண்டிகை, கோடையில் பாரதக் கூத்து என்று எல்லாவற்றுக்கும் போவோம். மற்றவர்களுக்கு ஒரு பாட்டில் எது பிடிக்கிறது என்பதை முகத்தைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம், இந்தத் தொழிலில் அது தானாக வந்துவிடும். எனக்கு எது பிடிக்கிறது என்று தெரிவதற்குத்தான் ரொம்ப காலம் ஆனது.

கோனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பின்னால் திருகியிருக்கிற டிரைவர் யூனிட்டில் டயஃப்ரம் என்று ஒரு சின்ன மெல்லிய தகடு இருக்கும், அதன் அதிர்வைப் புனல் வாங்கி வெளியே தள்ளும். குறைந்த கரண்டில் ரொம்ப தூரம் போகும் என்பதால்தான் இன்றைக்கும் புளிய மரத்தில் ஏறிக் கோன் கட்டுகிறோம். ஆனால் சுமார் 300, 400 ஹெர்ட்ஸுக்கு (ஒரு நொடியில் எத்தனை அதிர்வு என்கிற கணக்கு) கீழே அதில் பெரிதாக எதுவும் வராது. பேஸ் கிட்டாரின் அடி ஓசை, மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் எல்லாம் போய்விடும், ஆனால் ஊர் ஜனம் அந்தப் பாட்டை முழுசாகத்தான் கேட்கிறது. பழைய தொலைபேசியும் இப்படித்தான். 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் அதில் குரல் போகும். ஆண்களின் பேச்சுக்குரலுக்கு அடிச்சுருதி, அதாவது குரலின் ஆகக் கீழான ஓசை, 100, 150 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும், அது கம்பியில் வரவே வராது, இருந்தும் முதல் வார்த்தையிலேயே அப்பா பேசுகிறார் என்று தெரிந்துவிடுகிறதே, அது எப்படி? மேலே கேட்கிற ஓசைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதை வைத்து, வராத அடிச்சுருதியை மூளையே போட்டுக்கொள்கிறது. இதைப் படித்த அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. பாட்டில் ஒரு பங்கு வெளியிலிருந்து வருகிறது, மீதியைக் கேட்கிறவர் தன் உள்ளேயிருந்து போடுகிறார். எனக்குப் பிடித்த பாட்டெல்லாம் அப்படி நான் போடுவதற்கு இடம் விட்ட பாட்டுகள்.

கோன் கட்டி முடித்ததும் ஒருத்தர் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் இருக்க, இன்னொருத்தர் ஊர் எல்லை வரை நடந்துபோய்க் கேட்டுவிட்டு வருவது வழக்கம். அந்த நடை என்னுடையது, யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். கிட்டே இருந்து கேட்டபோது பிரமாதமாக இருந்த சில பாட்டு மாந்தோப்பைத் தாண்டியதும் வெறும் இரைச்சலாகிவிடும், ஏனென்றால் அதில் குரலும் கீபோர்டும் டிரம்ஸும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். இன்னும் சில பாட்டு அங்கேயும் நிற்கும். கவனித்துப் பார்த்தால், அவற்றில் குரல் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்குகிற இடத்தில்தான் வயலின் உள்ளே வரும், வயலின் அடங்கினதும் குரல் திரும்ப வரும். மெட்டின் ஏற்ற இறக்கம் தெளிவாக இருக்கும். தாளத்தின் அடி காதுக்கு எட்டாவிட்டாலும் என் கால் அதைத் தட்டும். விடிகாலையில் இது இன்னும் நன்றாக இருக்கும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலே சூடாகவும் இருக்கும்போது ஒலி மேலே போகாமல் கீழ்ப்பக்கம் வளைகிறது, அதனால் மார்கழியில் எந்த ஊர்க் கோயில் பாட்டு என்றே தெரியாமல் கேட்டுக்கொண்டு நிற்கலாம்.

வார்த்தைக்காகப் பாட்டுக் கேட்கிறவர்கள் ஏராளம், அவர்களைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசு வராது. ஒரு காதுகுத்தில் ஒரு பாட்டி தாய்மாமன் வரிசை வருகிற நேரத்தில் என் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து, "அந்த அண்ணன் பாட்ட இன்னொரு வாட்டி போடு கண்ணு" என்றார். அவருடைய அண்ணன் அந்த வருஷம்தான் தவறியிருந்தார். அவருக்கு மெட்டு, தாளம் எதுவும் கணக்கில்லை, அண்ணன் என்ற அந்த ஒரு வார்த்தை போதும். எனக்கு அப்படி வருவதில்லை. சூளகிரி, ஓசூர் பக்கம் போனால் தெலுங்கும் கன்னடமும் கேட்பார்கள், பென்டிரைவில் தனித்தனியாக வைத்திருப்போம். கன்னடத்தில் எனக்குப் பத்து வார்த்தை தெரிந்தால் அதிகம், ஆனாலும் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிற கன்னடப் பாட்டு நிறைய உண்டு.

திரும்பத் திரும்பக் கேட்டால் பிடித்துவிடும் என்பதும் உண்மைதான். ராபர்ட் ஸயான்ஸ் என்கிற உளவியல் அறிஞர் 1968லேயே எழுதிவிட்டார், ஒன்றைப் பலமுறை பார்ப்பதும் கேட்பதுமே அதன்மேல் ஒரு விருப்பத்தை உண்டாக்கும் என்று. முகூர்த்த மாதங்களில் இதை நான் அனுபவிக்கிறேன். முதல் வாரம் சகிக்காத பாட்டு நாலாவது வாரம் வாயில் வந்துவிடும். ஆனால் ஆடிக்கு மேல் அதில் பலது எனக்கு நினைவிலேயே இருக்காது. பழகியதால் வந்த பிரியம் பழக்கம் விட்டதும் போய்விடுகிறது, இடம் விட்ட பாட்டு மட்டும் தங்குகிறது.

இதை எனக்கு நன்றாகப் புரியவைத்தது ஒரு கூத்து. திரௌபதி அம்மன் கோயில் பாரதம், அர்ச்சுனன் தபசு நடக்கிற ராத்திரி. 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி வேண்டாம் என்று விழாக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். 2000ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிப்படி இரவு 10 முதல் காலை 6 வரை கூடாதுதான். நான் கூத்தை நடத்துகிற வாத்தியாரிடம் போய்த் தயங்கிக்கொண்டே சொன்னேன். "சனத்த கிட்ட வந்து உக்காரச் சொல்லு தம்பி, அது போதும்" என்றார். செட்டை அணைத்துவிட்டு நானும் மண்ணில் உட்கார்ந்தேன். இரண்டு பேர் திரையைப் பிடிக்க, வேஷக்காரர் அதற்குப் பின்னால் நின்று பாட ஆரம்பித்தார். ஆள் தெரியவில்லை, குரல் மட்டும், கீழே சலங்கை. ஹார்மோனியம் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு நிற்க, முகவீணை அந்தக் குரலை ஒட்டியே மேலே போனது. மனிதக் காதுக்கு 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரைதான் கூர்மை அதிகம், மேல் ஸ்தாயியில் திறந்து பாடுகிற அந்தத் தொண்டையும் அந்தச் சின்னக் குழலும் அந்த இடத்தைத்தான் நிரப்புகின்றன. மைக் என்று ஒன்று வருவதற்கு முந்தியே இவர்கள் இதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். வரியின் கடைசியைப் பாடகர் பாதியில் விட, பின்பாட்டுக்காரர்கள் எடுப்பதற்கு முன் ஒரு கணம் மத்தளம் மட்டும் ஓடும். அந்தக் கணத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. திரையை இன்னும் எடுக்கவில்லை, அர்ச்சுனன் இன்னும் வரவில்லை.

மாண்ட்ரியல் ஆராய்ச்சியாளர்கள் 2011ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இசை கேட்டுச் சிலிர்க்கிற அந்த நொடியில் மட்டுமில்லாமல், அது வரப்போகிறது என்று காத்திருக்கிற நொடிகளிலேயே மூளையில் டோபமின் என்கிற, இன்பத்தோடு தொடர்புள்ள வேதிப்பொருள் சுரப்பதைக் காட்டினார்கள். எனக்கு அதிலே ஆச்சரியம் இல்லை. திரை பிடிப்பதே அதற்காகத்தானே.

என்கூட வேலை செய்கிற தம்பி இதையெல்லாம் ஒத்துக்கொள்ள மாட்டான். அவனுக்கு பேஸ் வேண்டும், நெஞ்சுக்கூட்டில் இடிக்க வேண்டும். "பாக்ஸ் ரெண்டு எக்ஸ்ட்ரா போட்டாதாண்ணா பசங்க ஆடுவாங்க" என்பான். அவன் சொல்வதிலும் காரணம் இருக்கிறது. சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது கீழ் ஓசையைச் சரியாகப் பிடிப்பதில்லை, சத்தம் ஏற ஏறத்தான் அது நிறைவாகக் கேட்கும், ஃபிளெச்சர், மன்சன் என்கிற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1933லேயே இதை அளந்து வரைந்துவிட்டார்கள். ஆடுகிற கூட்டத்துக்கு அந்த நிறைவு தேவை, உடம்பு முழுக்கக் கேட்கவேண்டிய இசை அது. நான் நின்று கேட்கிறவன், என்னைச் சுற்றி எல்லாம் நிரம்பிவிட்டால் எனக்கு அங்கே செய்ய ஒன்றுமில்லை. அதனால் கல்யாண வரவேற்பு என்றால் மிக்சர் அவன் கையில், நான் குறுக்கே போவதில்லை.

கூத்து மட்டும் என் பொறுப்பு. முகவீணைக்கு மைக் வைப்பதில்லை, அது தானாகவே வந்துவிடும். ஆட்டக்களத்துக்கு மேலே ஒரு மைக், பின்பாட்டுக்கு ஒன்று, எக்கோ சுத்தமாகக் கிடையாது. திரை பிடிக்கிற நேரத்தில் குரல் சன்னமாக இருக்கிறதே என்று தம்பியின் கை வால்யூம் பக்கம் போகும். வேண்டாம்டா, இரு என்பேன். திரை விலகின பிறகு அவன் ஏற்றிக்கொள்ளட்டும்.