கொல்மெ, கொலொமெ

ஹெல்சின்கியில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் குரல் பதிவுகளைச் சீர்செய்வது என் வேலை. பாடுகிறவர் பாடிவிட்டுப் போனபின், இருபது முப்பது டேக்குகளில் நல்லதைப் பொறுக்கி, மூச்சுச் சத்தத்தைக் குறைத்து, ஒவ்வொரு சொல்லையும் தாளக் கட்டத்துக்குள் உட்கார வைக்க வேண்டும். வருகிறவர்களில் பெரும்பாலோர் டிராப் பாடும் பிள்ளைகள்.

டிராப் அமெரிக்காவின் அட்லாண்டாவில் பிறந்த ராப் இசை. அடிவயிற்றில் இறங்கும் 808 என்ற தாளக் கருவியின் பேஸ், அதன்மேல் பொரிந்துகொண்டே இருக்கும் ஹைஹாட் என்ற ஜால்ரா ஒலி, வேகம் நிமிடத்துக்கு 140 தட்டை ஒட்டி. ஹெல்சின்கிப் பையன் கொண்டுவரும் பீட்டையும் வடக்கே ஓவுலுவிலிருந்து வருகிறவன் கொண்டுவரும் பீட்டையும் கேட்டால், எது எந்த ஊர் என்று என்னால் சொல்ல முடியாது. வாயைத் திறந்ததும் சொல்லிவிடுவேன்.

பின்னிஷ் மொழி தமிழ்க் காதுக்கு ஒரு விதத்தில் சொந்தம். அங்கும் குறில் நெடில் பொருளை மாற்றும், ஒற்று இரட்டித்தாலும் மாற்றும். துலி என்றால் நெருப்பு, தூலி என்றால் காற்று, துல்லி என்றால் சுங்கம். ஆங்கில எழுத்தில் தடுமாறிய இந்த மூன்றும் தமிழில் எழுதிப் பார்த்த அன்றுதான் எனக்குள் நிலைத்தன.

இருந்தும் ஆரம்பத்தில் தப்பு செய்தேன். ஒரு காதல் பாட்டு. 'நாளைக்கு உன்னைச் சந்திக்கிறேன்' என்ற வரியில் 'தபான்' என்ற சொல்லின் நெடில் கட்டத்தைத் தாண்டி நீண்டிருந்தது. கொஞ்சம் நறுக்கி அடுத்த தட்டுக்குச் சரியாக வைத்தேன். அது 'தபன்' ஆகிவிட்டது. நாளைக்கு உன்னைக் கொல்கிறேன். பாடியவள் ஹெட்போனைக் கழற்றி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. 140 வேகத்தில் ஒரு தட்டின் கால் பங்கு சுமார் 107 மில்லிசெகண்ட். நான் வெட்டியது அவ்வளவுதான்.

அதன்பின் நெடிலைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். ஊர்ப் பேச்சைத் தொடக்கூடாது என்று தெரிந்துகொள்ள இன்னும் கொஞ்ச நாள் ஆனது.

'நான்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் அது 'மினெ'. பேச்சில் ஹெல்சின்கிக்காரருக்கு 'மெ', துர்குவிலும் ஓவுலுவிலும் 'மே', கிழக்கே யோயென்சூவிலும் வடக்கே ரோவனியெமியிலும் 'மியெ'. ('மியெ' தவிர மற்றவற்றின் கடைசியில் வரும் உயிரொலிக்குத் தமிழில் எழுத்து இல்லை, 'பேங்க்' என்று சொல்லும்போது வருமே, அது.) ராப்பில் வரிக்கு வரி 'நான்' வரும். ஒருவருக்கு அது சுருக்கென்று முடியும் குறில், இன்னொருவருக்கு இழுக்க இடம் கேட்கும் நெடில். ஆக, வரியின் முதல் அடியிலேயே ஊர் உட்கார்ந்துகொள்கிறது.

ஹெல்சின்கியின் கிழக்குப் பகுதிப் பிள்ளைகள் வேறு ரகம். 1986-இல் மெட்ரோ போய்ச் சேர்ந்த கொந்துலா போன்ற இடங்களில் சோமாலி, அரபு பேசும் வீடுகளில் வளர்ந்தவர்களும் சேர்ந்து பாடுகிறார்கள். ஒரே வரியில் 'வல்லா' என்று அரபியில் சத்தியம் செய்துவிட்டு, சாப்பாட்டை 'சஃப்கா' என்பார்கள். அந்த 'சஃப்கா' நூறு வருஷத்துக்கு முந்திய தொழிலாளர் தெருக்களில் ரஷ்ய மொழியிலிருந்து வந்து ஒட்டிய ஹெல்சின்கிச் சொல். தலைநகரின் பேச்சு இப்படித்தான் எப்போதும் வளர்ந்திருக்கிறது. இதைக் கெட்டுப்போன பின்னிஷ் என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதே இல்லை.

ஓவுலுப் பையன் கதைக்கு வருகிறேன். பத்தொன்பது வயது, அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் வந்திருந்தான். 'மூன்று குளிர்காலம்' என்று ஒரு வரி. மூன்றுக்கு பின்னிஷில் 'கொல்மெ', இரண்டே அசை. திரையில் பார்த்தால் அலைவடிவத்தில் மூன்று மேடு. நடுவில் தேவையில்லாத ஒரு சின்ன 'ஒ'. நாக்குத் தடுக்கியிருக்கிறது என்று நினைத்து, ஓசையே தெரியாமல் வெட்டி ஒட்டினேன். அவ்வளவு சுத்தமான வெட்டு. எனக்கே பெருமையாக இருந்தது.

அவன் கேட்டான். மறுபடி போடச் சொன்னான். அப்புறம் மெதுவாக, "இது யாரு? நான் இல்லையே, ஹெல்சின்கிக்காரன் மாதிரி இருக்கு" என்றான். கோபமெல்லாம் இல்லை. "எங்க பாட்டி கொலொமென்னுதான் சொல்வாங்க."

ஓவுலுப் பக்கம் 'ல்' போன்ற ஒலிக்குப் பின் இன்னொரு மெய் வந்தால் நடுவில் ஓர் உயிர் நுழையும். நாம் தர்மத்தைத் தருமம் என்பதுபோலத்தான். அந்த ஊரை அடையாளம் காட்ட நாடே சொல்லும் ஒரு வாசகம் உண்டு: "ஓக்கோ நே ஓவுலுஸ்தா, பெலெகேக்கோ நே பொல்லீசியா?" நீ ஓவுலுக்காரனா, போலீஸுக்குப் பயப்படுவாயா? பயப்படுவதற்கான சொல்லின் நடுவே அதே உயிர் இருக்கிறது. எத்தனையோ தடவை கேட்ட வாசகம். திரையில் அந்த மேட்டைப் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

வெட்டியதைத் திருப்பி வைத்தேன். இப்போது கட்டத்தில் இடிக்கிறது. குரலைத் தொடாமல் ஹைஹாட்டைப் பிரித்தேன். இரண்டாக விழுந்த அடியை மூன்றாக்கினேன். கொ-லொ-மெ. ஒவ்வோர் அசைக்கும் ஓர் அடி. மூன்று என்ற சொல் மூன்றாகவே விழுந்தது. அடுத்த வரியில் 'தல்வி' என்கிற குளிர்காலமும் அவன் வாயில் 'தலவி' ஆகியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அங்கேயும் அதையே செய்தேன். பாட்டின் நடை மாறிவிட்டது; ஒரு மாதிரி சறுக்கிக்கொண்டே ஓடியது. பனியில் சைக்கிள் ஓட்டுகிற மாதிரி என்றான் அவன். ஓவுலுவில் குளிர்காலத்திலும் சைக்கிள்தான்.

அவன் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே இன்னொரு தரம் போடச் சொன்னான். போட்டேன். கதவருகில் நின்று, அந்த இடம் வரும்போது மட்டும் விரலால் சட்டத்தில் மூன்று தட்டு தட்டினான்.