பந்தி விசாரணையும் மாணவர் பேரவையும்

திருகோணமலையில் உள்ள ஓர் இறையியல் பயிற்சி நிலையத்தில், மாணவர் பேரவைக்குப் பொறுப்பான விரிவுரையாளராகப் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். வேதாகம விளக்கத்துக்கும் பிரசங்கக் கலைக்கும் எங்களிடம் பாடத்திட்டம் உண்டு. பேரவைக்கு அப்படி எதுவும் இல்லை. ஆயினும் ஒரு மாணவர் நாளை எத்தகைய போதகராக இருப்பார் என்பது பிரசங்க மேடையைவிடப் பேரவைக் கூட்டத்திலேயே தெளிவாகத் தெரிந்துவிடுகிறது. கிராமத்துச் சபையொன்றுக்குப் பொறுப்பேற்றுப் போன பின், போதகரின் முகத்துக்கு நேரே ‘நீங்கள் சொல்வது சரியில்லை’ என்று சொல்ல எங்கள் ஊர்களில் எளிதில் எவரும் துணிவதில்லை. அப்படிச் சொல்லக்கூடிய சகபாடிகளுடன் அவர் வாழும் கடைசி இடம் இந்த விடுதிதான்.

பேரவையின் கீழ் சில குழுக்கள் இயங்குகின்றன. ஆராதனைக் குழுவில் சேரப் போட்டி கடுமையாக இருக்கும். கிற்றார் தொட்டவர், கீபோர்ட் தொட்டவர் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். விளையாட்டுக் குழுவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பின்னேரம் பந்தில் காற்றிருந்தால் குழுவும் இயங்கும். உணவுக் குழுவுக்கு ஆள் பிடிப்பதுதான் ஆண்டுதோறும் பெரும்பாடு. ஊழியத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் வெங்காயக் கணக்குப் பார்ப்பதா என்ற எண்ணம் சிலருக்கு இருக்கிறது. அப்படி முகம் சுளிப்பவர்களிடம் அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொல்வேன். தங்கள் விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது உணவுப் பங்கீட்டில், கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசிய யூத விசுவாசிகளான கிரேக்கர் முறுமுறுத்ததால்தான் எருசலேம் சபை ஏழு பேரைத் தெரிவுசெய்தது. தெரிவுசெய்தவர்கள் அப்போஸ்தலர் அல்லர், சபையார். ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள் என்பதால், முறைப்பாடு செய்த தரப்பினரிடமே பொறுப்பு ஒப்படைக்கப்பட்டதாகக் கருத இடமுண்டு. நிர்வாகம் நடத்துவோர் பலருக்கு இன்றும் வராத துணிவு அது.

2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது இந்த உணவுக் குழுவே பேரவையின் மையமாயிற்று. எரிவாயு சிலிண்டர் கிடைக்கவில்லை. சமையல் விறகடுப்புக்கு மாறியது. அரிசி விலை ஏறிக்கொண்டே போனது. இரவில் சோற்றுக்குப் பதிலாக ரொட்டி கொடுப்பது என்று குழு முடிவெடுத்ததும் விடுதி இரண்டுபட்டது. மலையகத்திலிருந்து வந்தவர்களுக்கு ரொட்டி பழகிய உணவு. மட்டக்களப்பு, மூதூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கோ சோறில்லாத இரவு பட்டினிக்குச் சமம். கூட்டத்தில் குரல்கள் உயர்ந்தன. யார் எந்த ஊர், எந்தச் சபை என்பதெல்லாம் வெளியே வரத் தொடங்கிய வேளையில், தலைவராக இருந்த மூத்த மாணவர் எழுந்து, “சரி, ஜெபம் பண்ணி முடிப்பம்” என்று கண்ணை மூடினார். பாதிப் பேர் தலை குனிந்துவிட்டார்கள். அப்போது பின்வரிசையிலிருந்த, தோட்டப்புறத்தைச் சேர்ந்த இரண்டாம் வருட மாணவி ஒருவர், “அண்ணே, ஜெபத்துக்கு முந்தி கணக்க வாசிச்சு முடிங்க” என்றார்.

பொருளாளர் வாசித்தார். எண்ணெய்க் கறை படிந்த ஒற்றைறூள் கொப்பியில் நாள்வாரியாகப் பதிந்திருந்த கணக்கு அது. வாசிக்க வாசிக்க, நிலையத்துக்கு வந்துபோகும் விருந்தினரின் சாப்பாட்டுச் செலவும் மாணவர் உணவுக் கணக்கிலேயே சேர்க்கப்பட்டு வந்திருப்பது தெரிந்தது. எவரும் களவு செய்யவில்லை. யாரும் கேட்காததால் அப்படியே நடந்துவந்திருக்கிறது. பேரவை அதிபருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதியது, செலவு பிரிக்கப்பட்டது, வாரத்தில் சில இரவுகளுக்குச் சோறு திரும்பியது. கூட்டத்தின் முடிவில் ஜெபமும் நடந்தது, சற்று நீளமாகவே.

ஜெபத்தைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. விவாதம் சூடாகும்போது கண்ணை மூடிவிடும் பழக்கம் எங்கள் திருச்சபைகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதும், அதை மாணவப் பருவத்திலேயே ஒருவர் கண்டுகொள்ள வேண்டும் என்பதுமே என் வாதம். மாணவர் கிறிஸ்தவ இயக்கங்களுக்கு இதில் நல்லதொரு மரபு இருக்கிறது. சுவீடனில் 1895இல் தொடங்கிய உலக மாணவர் கிறிஸ்தவ சம்மேளனம், வேறுவேறு நாட்டையும் சபையையும் சேர்ந்த இளைஞரை ஒரே மேசையில் அமர்த்தியது. அந்த வட்டத்தில் வளர்ந்த யாழ்ப்பாணத்தவரான டி. ரி. நைல்ஸ், 1948இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றம் தொடங்கியபோது, தொடக்க ஆராதனையில் பிரசங்கித்தார். அப்போது அவருக்கு நாற்பது வயதுதான்.

எங்கள் விடுதியில் மேசை சிறியது. மெதடிஸ்தர், அங்கிலிக்கர், பெந்தெகொஸ்தே சபையினர் அதைச் சுற்றி அமர்ந்தாலும் வாக்களிக்கும் நாளில் ஊர்ப்பற்றே பெரும்பாலும் முந்திக்கொள்கிறது. ஜெபக் குழுக்களிலும் இதே போக்கு உண்டு. ஒரே ஊரார் ஒரே அறையில் கூடிவிடுகிறார்கள். குழுக்களைக் கலந்து நியமிக்கும்படி சக விரிவுரையாளர் ஒருவர் யோசனை சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை. மேலிருந்து கலக்கப்பட்ட குழு பெயரேட்டில் மட்டுமே கலந்திருக்கும். அரிசியோ விறகோ போன்ற பொதுவான நெருக்கடி வரும்போது அவர்கள் தாமாகக் கலப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த ஆண்டுப் பேரவை, விரிவுரையாளர் எவரும் கூட்டத்துக்கு வருவதாயின் செயலாளருக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்று யாப்பில் ஒரு விதியைச் சேர்க்கக் கேட்டிருக்கிறது. அந்த விதி முதலில் கட்டுப்படுத்தப் போவது என்னைத்தான். அதிபருக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை. நான் ஆதரித்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். நிர்வாகக் குழு அடுத்த மாதம் அதை எடுத்துப் பேசவிருக்கிறது.