சீருடையைக் கழற்றிய பிறகு: ஒரு தேர்தல் கால நாட்குறிப்பு

15 ஏப்ரல் 2025, செவ்வாய்

சிங்கப்பூர் நாடாளுமன்றம் இன்று கலைக்கப்பட்டது. வேட்புமனுத் தாக்கல் 23ஆம் தேதி, வாக்களிப்பு மே 3. மார்ச் வரை ராணுவத் தளபதியாக இருந்த மேஜர் ஜெனரல் டேவிட் நியோவின் பெயரும் பிரிகேடியர் ஜெனரல் கோ பெய் மிங்கின் பெயரும் ஆளும் மக்கள் செயல் கட்சியின் புதுமுகங்கள் பற்றிய பேச்சில் அடிபடுகின்றன. தேக்கா காப்பிக்கடை மேசைகளில் பழைய கேள்வி மறுபடி எழுந்திருக்கிறது: ராணுவத்தில் இருந்தவருக்கு அரசியல் என்ன தெரியும்?

அவர் ராணுவத்தில் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால் பாதிப் பதில் கிடைத்துவிடும். 'ஜெனரல்' என்ற பட்டத்தை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. 1971இல் தொடங்கிய ஆயுதப்படை வெளிநாட்டு உபகாரச் சம்பளத்தில் படித்துத் திரும்புகிறவருக்குப் படைப்பிரிவை நடத்தும் பொறுப்பும் தற்காப்பு அமைச்சில் மேசை வேலையும் மாறி மாறி வரும். ஒரு பதவியில் பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டுகள்தான். நாற்பதுகளிலேயே சீருடையைக் கழற்றும் காலம் வந்துவிடும். உடம்பில் தெம்பும் தலையில் நிர்வாக அனுபவமும் இருக்கும் அந்த வயதில் இரண்டாவது வேலை தேவை. தூதரகம், அரசு சார்ந்த நிறுவனம், அரசியல் என்று வழி பிரிவது அங்கேதான்.

எல்லாரும் அரசியல் பக்கம் திரும்புவதில்லை. முதல் ஆயுதப்படைத் தளபதி வின்ஸ்டன் சூ தூதராகப் போனார். 2011இல் அரசியலுக்குப் போன சான் சுன் சிங்கிடமிருந்து ராணுவத் தளபதி பொறுப்பை ஏற்ற ரவீந்தர் சிங், ஓய்வுக்குப்பின் தொழில்துறைக்குப் போனார். அதே நாற்காலியில் அடுத்தடுத்து அமர்ந்த இருவர், இரண்டு திசைகள்.

18 ஏப்ரல், வெள்ளி

பின்னாளில் பிரதமரான லீ சியன் லூங்கின் கதையை 1984 தேர்தலிலிருந்து தொடங்குகிறார்கள். 1983 ஜனவரி 29இலிருந்து தொடங்குவதே சரி.

அன்று மாலை ஆறு மணியளவில், 'எனிவெடோக்' என்ற எண்ணெய்த் துளைக்கப்பலின் கோபுரம் செந்தோசா தீவுக்குச் செல்லும் கேபிள் காரின் கம்பிவடத்தில் சிக்கியது. இரண்டு பெட்டிகள் கடலில் விழுந்தன, ஏழு பேர் மாண்டனர். மேலும் நான்கு பெட்டிகளில் பதின்மூன்று பேர் அந்தரத்தில் மாட்டிக்கொண்டார்கள். மீட்புப் பணிக்குத் தலைமை தாங்கியவர் அப்போது கர்னலாக இருந்த லீ. ஹெலிகாப்டரை அருகே கொண்டுபோனால் அதன் விசிறிக் காற்றே பெட்டியை ஊசலாட்டும். தள்ளியே நின்றால் ஆளை இறக்க முடியாது. இருட்டு வேறு, காற்று வேறு. இரண்டு பெல் 212 ஹெலிகாப்டர்களிலிருந்து கயிற்றில் வீரர்களை இறக்கி, ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். அதிகாலை மூன்றரை மணி வாக்கில் பதின்மூன்று பேரும் மேலே வந்துவிட்டார்கள்.

இதில் அரசியலுக்கு உதவும் பாடம் வீரம் அன்று. எந்த வழி எதனால் தோற்கும் என்று முதலில் கணக்குப் போட்டு, மிச்சமிருக்கும் வழியைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் அது. அதே ஆண்டு பிரிகேடியர் ஜெனரல் ஆனார்; 1984இல் விலகி, டிசம்பர் 22 தேர்தலில் தெக் கீ தொகுதியில் வென்றார். 1985இல் பொருளியல் சரிந்தபோது அவர் தலைமையில் பொருளியல் குழு அமைந்தது. முதலாளிகள் செலுத்தும் மத்திய சேமநிதிப் பங்கு 25 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காட்டுக்கு இறங்கியது அந்தக் காலத்தில்தான். படையில் ஆணை போட்டால் கீழே போய்விடும். தொழிலாளியின் சேமநிதியில் பதினைந்து புள்ளியைக் குறைக்கத் தொழிற்சங்கத்தை உட்கார வைத்துப் பேசியாக வேண்டும். சீருடை கழன்றபின் கற்றுக்கொள்ள வேண்டிய வேலை இதுதான், அதற்குப் பயிற்சிக் கல்லூரி கிடையாது.

22 ஏப்ரல், செவ்வாய்

நாளை வேட்புமனு. ஆதாயம் தரும் அரசுப் பதவியில் இருப்பவர் வேட்பாளராக நிற்க அரசமைப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. அதனால்தான் அதிகாரிகள் முன்கூட்டியே விலகுகிறார்கள். அதே சட்டம் வேட்பாளருக்கு மொழித் தகுதியும் விதிக்கிறது: ஆங்கிலம், மலாய், மாண்டரின், தமிழ் ஆகியவற்றில் ஒன்றையாவது பேசவும் படிக்கவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். தமிழ் மட்டுமே தெரிந்தவரும் இந்த நாட்டில் தேர்தலில் நிற்கலாம். இதை நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

தாள் வேலை இப்படி. முன்மொழிபவர் ஒருவர், வழிமொழிபவர் ஒருவர், ஆதரிப்பவர் குறைந்தது நால்வர். அனைவர் பெயரும் அதே தொகுதியின் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும். தலைக்கு 13,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வைப்புத்தொகை. அரசியல் நன்கொடைச் சான்றிதழ் தனி. பல வேட்பாளர்கள் ஒரே அணியாக நிற்கும் குழுத்தொகுதியானால், அணியில் இருக்க வேண்டிய சிறுபான்மை வேட்பாளருக்கு அவர் சமூகக் குழு தரும் சான்றிதழும் வேண்டும். மனுவைக் கொடுக்கும் நேரம் காலை 11 முதல் நண்பகல் 12 வரை, அந்த ஒரு மணி நேரம்தான்.

2011இல் தஞ்சோங் பகார் குழுத்தொகுதியில் ஒரு சுயேச்சைக் குழு 35 விநாடி தாமதமாகத் தாளைக் கொடுத்தது. ஏற்கவில்லை. மக்கள் செயல் கட்சி அணி போட்டியின்றி உள்ளே போனது, அதில் ஒருவர் சான் சுன் சிங். மார்ச் 25 வரை ராணுவத் தளபதி, மே மாதம் தற்காலிக அமைச்சர். நடுவில் ஒரு வாக்குச்சீட்டில்கூட அவர் பெயர் அச்சாகவில்லை.

23 ஏப்ரல், புதன்

மரின் பரேட்–பிரேடல் ஹைட்ஸ் குழுத்தொகுதியில் எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி நிற்கவில்லை. அங்கே மக்கள் செயல் கட்சி அணியில் இருந்த கோ பெய் மிங்கும் போட்டியில்லாமலேயே உறுப்பினராகிவிட்டார். இதில் அவர் தவறு ஏதுமில்லை. ஆனாலும் முதல் தேர்தலைச் சந்திக்காமல் உள்ளே போவது எந்த அரசியல்வாதிக்கும் நட்டம்தான். கதவைத் தட்டும்போது முகத்துக்கு நேரே மறுப்பைக் கேட்பது பெரிய பள்ளிக்கூடம்.

27 ஏப்ரல், ஞாயிறு

முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் இயோவைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும். இந்த வரிசையில் அவர் பாதைதான் எனக்கு மிகவும் பிடித்தது.

கேம்பிரிட்ஜில் பொறியியல். ராணுவத்தில் சமிக்ஞைப் பிரிவு, பிறகு ஆகாயப்படை, நடுவில் ஹார்வர்டில் வணிக நிர்வாகம். 1988 ஆகஸ்டில் பிரிகேடியர் ஜெனரலாக விலகினார். செப்டம்பர் 3ஆம் தேதி தேர்தல். குழுத்தொகுதி முறை முதன்முதலில் நடைமுறைக்கு வந்த தேர்தல் அது, அல்ஜுனிட்டில் மூவர் அணியில் ஒருவராக வென்றார்.

தகவல், கலை அமைச்சு கைக்கு வந்ததும் 1991இல் ஆலமரத்தை உவமையாக்கிப் பேசினார்: அரசு என்னும் ஆலமரத்தைக் கவனமாகக் கிளை கழித்தால்தான் கீழே மற்றச் செடிகள் வளரும். ஆலமர நிழலில் எதுவும் தழைக்காது என்பது நமக்குப் புதிதல்ல. கட்டளைக் கட்டமைப்பிலேயே வளர்ந்த ஒருவர் அதை அரசுக்கே சொன்னார் என்பதுதான் பெரிது. அவர் காலத்தில் தேசியக் கலைகள் மன்றமும் தேசிய மரபுடைமைக் கழகமும் உருவாயின. பிறகு வர்த்தகம், 2004 முதல் வெளியுறவு. நாளந்தா பல்கலைக்கழகத்தை மீட்டெழுப்பும் முயற்சியில் ஊன்றி நின்றார்; 2012இல் இந்தியா பத்ம பூஷண் கொடுத்தது.

ஆனால் 2011 மே 7 அன்று அல்ஜுனிட் கைவிட்டுப் போனது. பாட்டாளிக் கட்சிக்கு 54.72 விழுக்காடு. எதிர்க்கட்சி கைப்பற்றிய முதல் குழுத்தொகுதி அது. 2006இலேயே அவர் அணிக்குக் கிடைத்தது 56.09 விழுக்காடுதான், எச்சரிக்கை ஐந்தாண்டு முன்பே வந்திருந்தது. வீட்டு விலை, நெரிசல், வெளிநாட்டு ஊழியர் என்று மக்கள் மனத்தில் கனன்ற எதுவும் வெளியுறவு அமைச்சின் மேசைக்கு வருவதில்லை. குழுத்தொகுதியில் ஒருவர் மட்டும் தப்பிக்கவும் முடியாது, அணி முழுதும் மூழ்கும்.

29 ஏப்ரல், செவ்வாய்

புதிதாக வரும் தளபதிக்கு உண்மையான களம், உறுப்பினர் தொகுதி மக்களின் குறைகளைக் கேட்கும் வாராந்தர மக்கள் சந்திப்பு. வரிசை எண், பதிவு, தொண்டூழியரிடம் விவரம், பிறகு உறுப்பினர், கடைசியில் கையெழுத்திட்ட கடிதம். தமிழ் மட்டும் பேசும் பாட்டிக்கு மொழிபெயர்க்க ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எங்கே கோணலாகிறது? படை அதிகாரி ஐந்தே நிமிடத்தில் தீர்வு சொல்லிவிடுவார். வீவகவுக்கு (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அவர் ஆணையிட முடியாது, முறையீடுதான் அனுப்ப முடியும். கடிதத்தில் அடையாள அட்டை எண், புளோக், வீட்டு எண், வீவக முன்பு அனுப்பிய பதிலின் தேதி, குறிப்பெண், இவற்றோடு ஒரே ஒரு கோரிக்கை இருக்க வேண்டும். மூன்று குறையை ஒரே கடிதத்தில் கலந்தால் மூன்று பிரிவுக்கும் சுற்றும். குறிப்பெண் விட்டுப்போனால் விவரம் கேட்டுத் திரும்பி வரும், வாரங்கள் ஓடும். வந்தவரோ, "எம்.பி. ஒன்னும் செய்யல" என்றுதான் அண்டை வீட்டாரிடம் சொல்வார்.

பேச்சும் மாற வேண்டும். சான் சுன் சிங் 2011இல் கூட்டத்தைக் கை தூக்கச் சொன்ன "கீ சியூ" என்ற ஹொக்கியன் (சீன வட்டாரமொழி) சொல் பல ஆண்டுகள் அவரை விடாமல் ஒட்டிக்கொண்டது. பாசறையில் இயல்பான சொல், மக்கள் காதில் அதட்டல்.

4 மே, ஞாயிறு

நள்ளிரவு தாண்டியும் கண் ஜாலான் காயு தொகுதியிலேயே இருந்தது. முன்னாள் ஆயுதப்படைத் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் இங் சீ மெங் 51.47 விழுக்காடு பெற்றார். வித்தியாசம் 806 வாக்கு. இடைவெளி 2 விழுக்காட்டுக்குள் இருந்திருந்தால் தானாகவே மறுஎண்ணிக்கை நடந்திருக்கும், அந்த எல்லையை ஒட்டித்தான் தப்பினார்.

2020இல் செங்காங் குழுத்தொகுதியில் 47.88 விழுக்காட்டோடு தோற்று அமைச்சர் பதவியை விட்டவர், இந்த முறை தனித்தொகுதியில் தனியாக நின்றார். தோற்றபின் திரும்ப வந்து, பக்கத்தில் மூத்த அமைச்சர் யாரும் இல்லாமல் வாக்குக் கேட்டது மதிக்கத்தக்கது. தெம்பனிஸில் நான்குமுனைப் போட்டி, டேவிட் நியோவின் அணிக்கு 52.02. சீருடைத் தோளில் இருந்த நட்சத்திரத்தைப் பார்த்து யாரும் வாக்களிக்கவில்லை.

23 மே, வெள்ளி

புதிய அமைச்சரவை பதவியேற்றது. டேவிட் நியோ கலாசார, சமூக, இளையர்துறைத் தற்காலிக அமைச்சர். 'தற்காலிக' என்பது வெறும் அலங்காரச் சொல் அன்று. சான் சுன் சிங் 2011 மே மாதம் அப்படித் தொடங்கி, முழு அமைச்சராக 2013 செப்டம்பர் ஆனது.

கேம்பல் லேனில் இருக்கும் இந்திய மரபுடைமை நிலையம் தேசிய மரபுடைமைக் கழகத்தின் கீழ், கழகம் இந்த அமைச்சின் கீழ். தமிழ் நாடகக் குழுக்கள் விண்ணப்பிக்கும் கலை மானியமும் இங்கிருந்துதான் வருகிறது. ஆலமரத்தின் கிளையைக் கழிக்கும் கத்தி இப்போது இன்னொரு தளபதி கையில். முதல் ஆண்டில் சிறு குழுக்களின் மானியம் எப்படிப் போகிறது என்று பார்த்து, அடுத்த மே மாதம் இங்கேயே குறிக்கிறேன்.