ஊர் பார்க்கப் போகையில் தோளில் எந்தப் பை?

வெளிநாட்டுப் பயணம் உறுதியானதும் நம் வீடுகளில் பேச்சு முழுவதும் பெரிய பெட்டியைச் சுற்றியே நடக்கிறது. எத்தனை கிலோ வரை ஏற்றலாம், பருப்புப்பொடியையும் தட்டுவடையையும் எந்த மூலையில் செருகுவது, பெட்டியின் சக்கரம் தாங்குமா என்று நாள்கணக்கில் யோசிக்கிறோம். அந்தப் பெட்டியோ விடுதி அறைக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்கேயே கிடக்கும். காலையில் கிளம்பி இரவு திரும்பும்வரை நம்மோடு நடப்பது பாஸ்போர்ட், பணம், மாத்திரை, செல்பேசி எல்லாம் அடங்கிய சின்னப் பை ஒன்றுதான். திருப்பூரில் ஏற்றுமதி ஆடைகளுக்குத் தரம் பார்க்கும் வேலையில் இருப்பதால், எதைக் கையில் எடுத்தாலும் உட்புறத்தைத் திருப்பித் தையலைப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. அம்மாவை இத்தாலிக்கு அழைத்துப் போவதற்காகப் பை தேடியபோது அந்தக் கண்ணோடுதான் கடை கடையாகப் பார்த்தேன். அதன் பிறகு கோவையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே இருப்பதால், அவர்களுக்குச் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன்.

கடைக்குப் போவதற்கு முன்பே, ஒரு நாள் முழுவதும் வெளியே சுற்றும்போது கைவசம் இருக்க வேண்டிய பொருள்களை மட்டும் கட்டிலின் மேல் பரப்பி வைத்துப் பாருங்கள் என்பதே எல்லோரிடமும் நான் முதலில் சொல்வது. பையை முதலில் வாங்கிவிட்டால், அதில் மிஞ்சும் இடத்தை நிரப்புவதற்கென்றே பொருள்கள் வந்து சேரும். மாலைக்குள் தோள்பட்டை கழன்றுவிடும் போலாகிவிடும். எங்கள் கட்டிலில் இருந்தவை, அம்மாவின் அன்றைய மாத்திரைகள், மூக்குக்கண்ணாடிக் கூடு, அரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டில், செல்பேசி, பவர் பேங்க், அன்றைய செலவுக்கான பணம், ஒரு மெல்லிய துண்டு ஆகியவைதாம். துண்டு எதற்கென்றால், வத்திக்கானின் புனித பேதுரு பேராலயத்துக்குள் தோளும் முழங்காலும் மூடியிருந்தால்தான் விடுவார்கள்; சேலை உடுத்தியவர்களுக்கு அதில் சிக்கல் இல்லை, கையில்லாத சட்டை போட்டு வரும் பிள்ளைகளுக்கு அது தேவைப்படும். பாட்டிலைக் காலியாக எடுத்துப் போனாலும் போதும், ஏனென்றால் ரோம் நகரத் தெருக்களில் குடிக்கத்தக்க நீர் இடைவிடாமல் கொட்டும் இரும்புக் குழாய்த் தூண்கள் 2,000-க்கும் மேல் இருக்கின்றன. பாஸ்போர்ட்டின் அளவு 12.5 செ.மீ.க்கு 8.8 செ.மீ.; அரை லிட்டர் பாட்டிலின் உயரம் ஏறத்தாழ 20 செ.மீ. இவற்றையெல்லாம் சேர்த்து வைத்து அளந்தால், 25 செ.மீ. நீளமும் 20 செ.மீ. உயரமும் 10 செ.மீ. அகலமும் கொண்ட பை ஓர் ஆளுக்குத் தாராளம் என்பது தெரிந்துவிடும்.

இந்த அளவுக்கு வேறொரு காரணமும் இருக்கிறது. பாரிசின் லூவர் அருங்காட்சியகம் 55 செ.மீ., 35 செ.மீ., 20 செ.மீ. என்ற அளவைத் தாண்டிய பைகளை உள்ளே அனுமதிப்பதில்லை. வத்திக்கான் அருங்காட்சியகம் இன்னும் கண்டிப்பானது; 40 செ.மீ., 35 செ.மீ., 15 செ.மீ. என்ற அளவுக்கு மேற்பட்ட பையைக் காப்பறையில் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும், பார்த்து முடித்த பிறகு மறுபடி அங்கே வந்துதான் அதை வாங்க வேண்டும். வயதானவர்களை அழைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய வளாகத்தை நடந்து முடித்த களைப்பில், பைக்காக இன்னொரு முறை திரும்பி நடப்பது எவ்வளவு பெரிய தொல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கல்லூரிப் பிள்ளைகள் முதுகில் மாட்டும் பையில் பல, புத்தகமும் மடிக்கணினியும் வைக்கத் தைத்தவை ஆதலால் 45 செ.மீ. உயரத்தை எளிதாகத் தாண்டும். வீட்டில்தான் அது சும்மா கிடக்கிறதே என்று அதையே எடுத்துப் போகிறவர்களை நான் தடுத்துவிடுகிறேன்.

முதுகுப்பையின் மீது எனக்குள்ள பெரிய மனக்குறை, அது நம் கண்ணுக்குப் பின்னால் இருக்கிறது என்பதுதான். ரோமில் தெர்மினி ரயில் நிலையத்திலிருந்து வத்திக்கான் பக்கம் போகும் 64-ஆம் எண் பேருந்து, த்ரேவி நீரூற்று, பார்சிலோனாவின் லா ராம்ப்லா வீதி, பாரிசின் மெட்ரோ ஆகியவை ஜேப்படிக்குப் பெயர்போன இடங்கள். அங்கே ஜிப் திறப்பதை உணரும் அளவுக்கு யாருடைய முதுகுக்கும் உணர்ச்சி கிடையாது. ஆகவே, நாடாவைத் தலைவழியாகப் போட்டு மார்புக்குக் குறுக்கே மாட்டி, பையை இடுப்புக்கு முன்புறம் கொண்டுவரும் வகையே நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஒரு தோளில் மட்டும் தொங்கும் பையை ஓர் இழுப்பில் பறித்துவிடலாம். இத்தாலி நகரங்களிலும் வியட்நாமின் ஹோ சி மின் நகரத்திலும் மோட்டார் சைக்கிளில் வந்து பறிப்பவர்கள் உண்டு. அவர்களிடமிருந்து தப்ப, பை எப்போதும் சாலைக்கு எதிர்ப்புறம், அதாவது சுவர் இருக்கும் பக்கம், இருக்க வேண்டும். இதில் நம் ஊர்க்காரர்கள் தடுமாறக்கூடிய ஓர் இடம் இருக்கிறது. இங்கே வண்டிகள் இடப்பக்கம் போவதால், சாலையின் இடது ஓரமாக நடக்கும் நமக்கு இடது கைப்பக்கம் பாதுகாப்பானது என்று உடம்பே பழகியிருக்கிறது. இத்தாலியிலும் வியட்நாமிலும் வண்டிகள் வலப்பக்கம் போகும். அங்கே வலது ஓரமாக நடக்கையில் வண்டி நம் இடப்பக்கம், பின்னாலிருந்து வரும். சிங்கப்பூர், தாய்லாந்து, ஜப்பான், இங்கிலாந்து ஆகியவற்றில் நம்மைப் போலவே இடப்பக்கப் போக்குவரத்துதான் என்பதால் அங்கே இந்தக் குழப்பம் வராது.

இனித் தையலைப் பார்ப்போம். பையைக் கையில் வாங்கியதும் வெளிப்புறத்து வண்ணத்தைப் பார்ப்பதற்கு முன், ஜிப்பைத் திறந்து உட்புறத்தை வெளியே திருப்புங்கள். துணியின் வெட்டு விளிம்பு நூல் நூலாகத் தெரிந்தால், சில மாதங்களில் அந்த விளிம்பு பிரிந்து தையலே கழன்றுவிடும். விளிம்பைப் பட்டை வைத்து மூடித் தைத்திருந்தால் அதைச் செய்தவர் பொறுப்போடு செய்திருக்கிறார் என்று நம்பலாம். அடுத்துத் தோள்நாடா பையோடு சேரும் இடத்தைப் பாருங்கள், பாரம் முழுவதும் அங்கேதான் விழுகிறது. ஒற்றைத் தையல் ஓடியிருந்தால் கீழே வைத்துவிடலாம். சதுரமாகத் தைத்து அதற்குள் குறுக்கும் நெடுக்குமாக ஒரு பெருக்கல் குறி போட்டிருக்க வேண்டும், அல்லது எங்கள் தொழிலில் பார்டாக் என்று சொல்லும் நெருக்கமான குறுக்குத் தையல் இருக்க வேண்டும். ஜீன்ஸ் பேண்ட்டின் பாக்கெட் ஓரத்தில் சின்னக் கோடாகத் தெரிகிறதே, அதுதான். நாடாவின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் பிளாஸ்டிக் கொக்கியையும் சோதிக்க வேண்டும். வழவழப்பான நாடாவாக இருந்தால் பாரம் ஏறியதும் அது மெல்ல நழுவி, இடுப்பில் இருந்த பை அரை மணி நேரத்தில் தொடைக்கு இறங்கிவிடும். நான் தண்ணீர்ப் பாட்டிலைக் கையோடு எடுத்துப் போய், கடையிலேயே பைக்குள் போட்டு மாட்டி நடந்து பார்ப்பேன். நல்ல கடைக்காரர் யாரும் இதற்கு முகம் சுளிப்பதில்லை.

ஜிப்பில் இரண்டு ரன்னர் இருந்து, இரண்டையும் சேர்த்துச் சின்னக் கொக்கியில் மாட்டும்படி அமைந்திருந்தால் நல்லது. நைலான் ஜிப்பைப் பேனா முனையால் குத்தியே பிளந்துவிடலாம் என்பதும், பிறகு ரன்னரை ஒருமுறை ஓட்டினால் பிளந்த தடமே தெரியாமல் மூடிக்கொள்ளும் என்பதும் பலருக்குத் தெரியாது. கூட்டத்தில் நிற்பவர்களிடம் பெரும்பாலும் நடப்பது அதைவிட எளிமையானது. ரன்னரைச் சத்தமில்லாமல் இரண்டு அங்குலம் நகர்த்திக் கையை விடுவார்கள். அதற்குத் தடை போட இந்தக் கொக்கி ஒன்றே போதும்.

துணியைப் பொறுத்தவரை, நம் பகுதியில் நூல் என்றதும் கவுண்ட் கணக்குதான் நினைவுக்கு வரும். கவுண்ட் கூடக் கூட நூல் மெல்லியதாகும். பைத் துணிக்குச் சொல்லப்படும் டெனியர் இதற்கு நேர்மாறானது. 9,000 மீட்டர் இழையின் எடை எத்தனை கிராம் என்பதே டெனியர் ஆதலால், எண் கூடினால் இழை தடிக்கும். பகல் முழுவதும் மாட்டித் திரியும் சிறு பைக்கு 200 முதல் 400 டெனியர் நைலான் போதும்; 1,000 டெனியர் துணி உழைக்கும், ஆனால் பையின் எடை கூடிவிடும். தோல் பை அழகாக இருந்தாலும் வெறும் பையாகவே கனக்கும். தோல் போலத் தோன்றும் ரெக்சின் வகைகளை நான் யாருக்கும் சொல்வதில்லை. பீரோவில் இரண்டு மூன்று ஆண்டுகள் வைத்திருந்து எடுத்தால், மேல்பூச்சு காற்றின் ஈரத்தால் சிதைந்து கையில் பிசுபிசுவென்று ஒட்டும், செதில் செதிலாக உதிரும்.

பையைப் பற்றிய ஆலோசனைகள் பெரும்பாலும் பேண்ட் போட்டவர்களை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. பாஸ்போர்ட்டையும் கூடுதல் பணத்தையும் சட்டைக்குள் கட்டும் பட்டையில் வையுங்கள் என்பார்கள். சேலை உடுத்தும் அம்மாவுக்கு அந்தப் பட்டை கொசுவத்தின் மேல் உறுத்தும்; எடுக்க வேண்டுமானால் நடுத்தெருவில் சேலையைத் தளர்த்த வேண்டியிருக்கும். எங்கள் தெருத் தையல்காரரிடம் உள்பாவாடையை எடுத்துக்கொண்டு போனேன்.

“ஏனுங்கண்ணா, இதுல உள்பக்கமா ஒரு பை வெச்சுக் குடுக்க முடியுங்களா? பாஸ்போர்ட் வெக்கறதுக்குங்க.”

“வெச்சறலாமுங்க அம்மிணி. அம்மாவுக்குக் கை எட்டற பக்கத்த மட்டும் சொல்லிப்போடுங்க, ஜிப்பை மேலாப்புல வெச்சுத் தெச்சுத் தர்றேன்.”

வலது இடுப்புக்குச் சற்றுக் கீழே, பாஸ்போர்ட்டைவிட ஒரு விரற்கடை பெரிதாகப் பருத்தித் துணியில் தைத்துத் தந்தார். வியர்வை படாமல் இருக்க பாஸ்போர்ட்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தோம். மாற்றிக் கட்டும் ஒவ்வொரு பாவாடைக்கும் இப்படித் தைத்துக்கொள்வது அவசியம். ஜப்பானுக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் பயன்படும், ஏனென்றால் சுற்றுலாப் பயணி பாஸ்போர்ட்டை எந்நேரமும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். சுடிதாருக்கும் இதே முறைதான். தோள்பையைச் சேலைக்கு மாட்டும்போது நாடாவை வலது தோளில் போட்டு, பையை இடது இடுப்புக்கு முன்னால் கொண்டுவந்தால் இடது தோளில் இருக்கும் முந்தானை நசுங்காது, ஊசியும் இழுபடாது. வண்டிகள் வலப்பக்கம் போகும் ஊர்களில் சாலையோரம் நடக்கும்போது மட்டும் பையைச் சுவர் இருக்கும் வலப்பக்கமாக நகர்த்திக்கொள்ள வேண்டும்.

பவர் பேங்கை விமானத்தில் பெரிய பெட்டியில் போடக்கூடாது, கையோடு வைத்திருக்க வேண்டும் என்பதால் அது முதல் நாளிலிருந்தே இந்தப் பைக்குள் இடம் பிடித்துவிடும். 100 வாட்-மணி வரை தடையில்லை, 20,000 எம்.ஏ.எச். என்று போட்டிருப்பது ஏறத்தாழ 74 வாட்-மணிதான். ஒரு நாள் சுற்றுவதற்கு 10,000 போதும், கனமும் பாதியாகும். மடித்த மஞ்சப்பை ஒன்றையும் உள்ளே வையுங்கள். ஜப்பானில் 2020 ஜூலை முதலும் சிங்கப்பூரின் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் 2023 ஜூலை முதலும் பிளாஸ்டிக் பைக்குத் தனியாகக் காசு வாங்குகிறார்கள். வாங்கிய சாமான்களை மஞ்சப்பையில் தனியே பிடித்துக்கொண்டால், பணமிருக்கும் பையை அடிக்கடி திறக்க வேண்டியும் இராது. ஜப்பானியத் தெருக்களில் குப்பைத்தொட்டியைக் காண்பது அரிது என்பதால், மிட்டாய்த் தாளைப் போட்டுவைக்க ஒரு சின்ன உறையும் வேண்டும்.

சுற்றுலா நிறுவனங்கள் குழுவில் வருபவர்களுக்கெல்லாம் தங்கள் பெயரைப் பெரிய எழுத்தில் அச்சிட்ட பளிச்சென்ற பை ஒன்றைக் கொடுக்கின்றன. அறையில் துணி போட்டுவைக்க அதைப் பயன்படுத்தலாம். தெருவில் அதை மாட்டிக்கொண்டு போனால், இவர் ஊருக்குப் புதியவர் என்று நூறு அடி தொலைவிலேயே தெரிந்துவிடும். வங்கி அட்டையிலிருந்து ரேடியோ அலை வழியாகத் தகவல் திருடுவதைத் தடுக்கும் பை என்று கூடுதல் விலை சொல்வதையும் நான் பொருட்படுத்துவதில்லை. தட்டிப் பணம் செலுத்தும் அட்டை சில செ.மீ. தொலைவில் இருந்தால்தான் வேலை செய்யும். மேலே சொன்ன இடங்களிலெல்லாம் பணம் போவது விரல்களால்தான். அந்தக் கூடுதல் விலையை நல்ல ஜிப்புக்கும் நல்ல நாடாவுக்கும் கொடுக்கலாம்.

வாங்கிய பையைப் பயணத்தன்று முதன்முறையாக மாட்டாமல், எடுத்துப் போகப் போகும் பொருள்களை அப்படியே நிரப்பி, கூட்டமான ஓர் இடத்தில் நடந்து பார்க்க வேண்டும். ஈரோடு ஜவுளிச் சந்தை கூடும் நாளில் அம்மாவை அழைத்துப் போனேன். சந்துகளுக்குள் ஆளோடு ஆள் இடித்துக்கொண்டு துணி பார்த்து, காசெடுத்துக் கொடுத்து, மீதியை வாங்கி உள்ளே போட்டு ஜிப்பை மூடுவது வரை எல்லாவற்றையும் அம்மாவே செய்தார். ஜிப்பின் கொக்கியை ஒற்றைக் கையால் கழற்ற முதலில் சிரமப்பட்டவர், மூன்றாவது கடையில் குனியாமலே கழற்றினார். பை கொஞ்சம் தாழ்ந்து தொங்கி நடக்கையில் தொடையில் இடிப்பதாகச் சொன்னதால், வீட்டுக்கு வந்து நாடாவை நான்கு விரற்கடை குறைத்து, மிஞ்சிய நுனியை வெட்டி, நைலான் பிரியாமலிருக்க அதை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி உருக்கிவிட்டோம். பவர் பேங்க் என் பைக்கு மாறியது.